கயாக் ஓட்டப் போறீங்களா? முதல்ல தண்ணியைக் கவனிங்க!

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கணக்கு எனக்குப் பிடித்த பாடம். ஆனால் முதன்முறை கடலில் கயாக் ஓட்டிய அன்று, தொடக்கப்பள்ளிக் கணக்கு ஒன்றில் கோட்டை விட்டேன்.

புலாவ் உபினுக்கும் புலாவ் கெத்தாமுக்கும் இடையில் உள்ள கடற்பகுதியில் இறங்கினோம். லேசாகத் துடுப்புப் போட்டாலே படகு பறந்தது. "இவ்வளவு ஈஸியா!" என்று குழுவை விட்டு முன்னே போனேன். பின்னாலிருந்து அண்ணன் ஒருவர் கத்தினார்: "தம்பி, நீ ஓட்டல! தண்ணிதான் உன்னை இழுத்துட்டுப் போகுது. திரும்பு!"

திரும்பினேன். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரையோர மரம் அதே இடத்தில் நின்றது. தோள் வலி, தாகம், பிறகு பயம். கடைசியில் அண்ணன்தான் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

போகும்போது கிடைத்த லாபமும் திரும்பும்போது வரும் நட்டமும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். சரியாகுமா? கணக்கைப் பாருங்கள்.

தூரம் 2 கிலோமீட்டர். நம் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். நீரோட்டம் இல்லையென்றால் போக 30 நிமிடம், வர 30 நிமிடம். மணிக்கு 2 கிலோமீட்டர் நீரோட்டம் இருந்தால் போக 20 நிமிடம். வர 60 நிமிடம்! நீரோட்டமும் 4 என்றால்? திரும்பவே முடியாது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை:

1. கடல் நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்க்கணும். ஏறவோ இறங்கவோ ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். பொதுவாக, நடு 2 மணி நேரத்தில்தான் ஓட்டம் அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் வேகம். நம் வீட்டு நாட்காட்டியே சொல்லிவிடும்!

2. முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போகணும். களைத்துத் திரும்பும்போது அதுவே நம்மைக் கரை சேர்க்கும். அதற்குள் ஓட்டம் திசை மாறிவிடாதா என்றும் பார்த்துக்கொள்ளணும்.

3. கரையோரத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, படகை நிமிர்த்தி, மீண்டும் ஏறப் பழகணும். ஏறத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

4. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டணும். நண்பரைத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கச் சொல்லுங்க. அது முகத்துக்கு ஏறினால் மறுபடி இறுக்கணும்.

5. தனியாகப் போகக் கூடாது. நீச்சல் தெரியாவிட்டால் பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடணும், வெட்கப்படாதீங்க. வானம் கறுத்தால் உடனே கரைக்குத் திரும்பணும்.

போன மாதம் மறுபடியும் அங்கே போனேன். பாதி வழியில் எதிர் ஓட்டம் கூடியது. "திரும்பிடலாம்" என்று முதலில் சொன்னது நான்தான். அண்ணன் சிரித்தார். "இப்பதான் தம்பி, நீ ஓட்டக் கத்துக்கிட்டே!"

சிந்திக்க: உங்கள் வேகம் மணிக்கு 4, நீரோட்டம் 3. அதே 2 கிலோமீட்டர் போய் வர எவ்வளவு நேரமாகும்? தண்ணீரில் இறங்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.