செயின் கவரைக் கழற்றாதே, தம்பி

ருவான்வெல்லைப் பக்கம் பழைய பைக் வாங்கும் தம்பிமார் பலர் முதல் வேலையாகச் செயின் கவரைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிடுகிறார்கள். சத்தம் போடுகிறது, சேறு அடைக்கிறது, சக்கரம் திறந்திருந்தால் எடுப்பாக இருக்கிறது என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். முதல் இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. மூன்றாவதுக்காக ஒருத்தியின் கழுத்தைப் பணயம் வைக்க முடியாது. கழற்றி வைத்திருந்தால் இன்றைக்கே திருப்பி மாட்டு.

ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். நம் ரோட்டில் ஓடும் சின்ன பைக்குகளில் பின் ஸ்ப்ரொக்கெட்டுக்குச் சுமார் 42 பல். ஒரு பல்லுக்கும் அடுத்ததுக்கும் நடுவே செயின் 12.7 மில்லிமீட்டர். ஆக, சக்கரம் ஒரு முறை சுற்றினால் அரை மீட்டருக்கு மேல் செயின் ஓடிவிடும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது வேகமே இல்லை, ஏற்றத்தில்கூட அந்த வேகத்தில் போவாய். அப்போதே பின்சக்கரம் செக்கனுக்கு நாலு சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதில் துணி மாட்டினால் செக்கனுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் உள்ளே இழுக்கும். தொங்குகிற முந்தானை ஒரு மீட்டர் என்றால் அது போய்ச்சேர அரை செக்கன் போதும். பின்னால் இருப்பவர் கத்தி, அது உன் காதில் விழுந்து, நீ பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனி. நம் பைக்குகளில் பெரும்பாலும் செயின் இடது பக்கம். சேலை உடுத்தி ஒரு பக்கமாக உட்காரும் பெண்கள் காலைத் தொங்கப்போடுவதும் இடது பக்கம்தான். காலையில் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் டீச்சர்மாரைப் பார். ஒரு கையில் பை, மறு கையில் குடை. முந்தானையைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அவர்களுடைய துணிக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு தகடு மட்டும்தான்.

சேலை மட்டுமா? பின்னேரம் கடைக்குப் போகும்போது நீ கட்டிக்கொண்டு போகிற சாரம், தங்கச்சியின் ஷால், மழைக்கு மாட்டும் ரெயின்கோட்டின் வால், பையிலிருந்து தொங்கும் பட்டி எல்லாமே மாட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட் ரெஸ்ட் எட்டாது, கால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வெள்ளை யூனிஃபோர்ம் போட்ட பிள்ளையை ஏற்றிப்போகிறவனுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. கவர் இல்லாத செயின் தெறிக்கும் கறுப்பு எண்ணெயை எந்தச் சவர்க்காரத்தாலும் போக்க முடியாது, அம்மாவிடம் கேட்டுப் பார்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள ஆபத்து இல்லை. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927 செப்டம்பர் 14ஆம் திகதி பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார். திறந்த காரில் போகும்போது கழுத்தில் சுற்றியிருந்த நீளமான பட்டுத் துணி சக்கரத்தில் சிக்கிவிட்டது. இந்தியாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும் என்கிறது. அவர் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்கிறது. பைக்கின் பக்கத்தில் கம்பியால் செய்த சாரி கார்ட் வருவது இதற்காகத்தான். அதையும் கழற்றாதே. சாரி கார்ட் ஸ்போக் கம்பிகளை மறைக்கிறது, செயின் கவர் பல்லை மறைக்கிறது. ஒன்று செய்கிற வேலையை மற்றது செய்யாது.

இனி உன் காரணங்களுக்கு வருகிறேன். கவர் சத்தம் போடுகிறதென்றால், அனேகமாகச் செயின் தொய்ந்துபோய் கவரில் அடிக்கிறது. கவரைக் கழற்றினால் சத்தம் நிற்கும், தொய்வு அப்படியே இருக்கும். அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. ஒரு நாள் செயின் கழன்று பின்சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிட்டால், கரவனெல்ல போகும் வளைவில் பஸ் எதிரே வரும்போது என்ன செய்வாய்? சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார். பெரும்பாலான சின்ன பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. உன் பைக்கின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுதான் கடைசி வார்த்தை. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து இடத்தில் பார், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்காது. இறுக்கமான இடத்தை வைத்தே சரிசெய். செயின் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

சேறு விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. இறப்பர் மலைப் பாதையில் மழைக்காலத்தில் ஓடினால் முழுக் கவருக்குள் செம்மண் கட்டிப் போகும், உண்மைதான். அதற்கு வழி, கழுவுவதற்காகக் கழற்றி, கழுவியபின் மாட்டுவது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டம்பர் வரை இதை அடிக்கடி செய்ய வேண்டும். மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய், பெற்றோல் வேண்டாம். துணியால் துடைத்துக் காயவிட்டு 90 கியர் ஒயிலைச் செயினின் உள்பக்கத்தில் மெல்லியதாக விடு. மிச்சத்தைத் துடைத்துவிடு, மிச்ச எண்ணெய்தான் மண்ணைப் பிடிக்கும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலை ஊற்றாதே, அதிலுள்ள உலோகத் தூளே செயினைத் தின்னும்.

இதை மட்டும் ரெண்டு முறை வாசி: செயின் துடைக்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது. ஸ்டாண்டில் போட்டு, கியரில் விட்டு, சக்கரம் தானாகச் சுற்றச் சுற்றத் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. துணி பல்லில் ஏறினால் விரலும் கூடவே போகும். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் திருப்பு.

செயினுக்குப் பதிலாக பெல்ட் ஓடும் பைக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஹார்லி டேவிட்சன் 1980இல் ஸ்டர்ஜிஸ் மொடலில் பெல்ட்டைக் கொண்டுவந்தது. இப்போது ஏத்தர் போன்ற மின்சார ஸ்கூட்டர்களிலும் பின்சக்கரத்தை பெல்ட்தான் சுற்றுகிறது. இதற்கு எண்ணெய் வேண்டாம், சத்தமும் குறைவு. ஆனால் பெல்ட்டின் எதிரி சின்னக் கல். ஒரு கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே போனால் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளைத்த பெல்ட்டை ஒட்டிப் பாவிக்க முடியாது, முழுசாக மாற்ற வேண்டும். சரளைக்கல் கொட்டிய தோட்டத்து ரோட்டில் பெல்ட் கார்டைக் கழற்றுவது செயின் கவரைக் கழற்றுவதைவிட மோசமான யோசனை.

தங்கச்சி, உனக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் முந்தானையை முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் செருகி, ஒரு ஊசி குத்திக்கொள். ஷாலைக் கழுத்தில் சுற்றாதே, பைக்குள் வை. முடிந்தால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார். யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை.

அப்படியும் துணி சிக்கிவிட்டால் இழுக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவா, பின்சக்கரத்தைக் கையால் பின்னோக்கித் திருப்பித் துணியை எடு. கழுத்து இறுகியிருந்தால் இதற்கெல்லாம் நேரமில்லை, கழுத்துக்குப் பக்கத்தில் துணியை அறுத்துவிடு. பைக்கின் டூல் பையில் ஒரு சின்னக் கத்தி கிடக்கட்டும். விழுந்தவரின் தலையையும் கழுத்தையும் அசைக்காமல் பிடித்துக்கொள்ள ஒருவரை வைத்துவிட்டு 1990க்கு அழை. சுவசெரிய அம்புலன்ஸ், காசு வாங்க மாட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மெயின் ரோட்டிலிருந்து எந்தக் கடைப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல். ஓர் ஆளை அந்தச் சந்திக்கு அனுப்பி நிற்கச் சொல்.