ஆரணியிலிருந்து செஞ்சிக்கு: பிளஸ் டூ முடித்தவர்களின் சைக்கிள் பயணம்

பரீட்சை முடிந்தபின் கையில் இருப்பவை சில வாரங்கள்தான். பிறகு ஒருவருக்கு வேலூரில் கல்லூரி, ஒருவருக்கு ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை, ஒருவருக்கு வீட்டிலேயே தறி. சேத்துப்பட்டு, வளத்தி வழியாகச் செஞ்சி ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளே போதும். கியர் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம்.

செய்ய வேண்டியவை

தறிவீட்டுப் பிள்ளையைக் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். கோர்வைச் சேலை நெய்யும் வீட்டில் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். பல வீடுகளில் அப்படி உட்காருவது வீட்டுப் பிள்ளைதான். அவன் எழுந்துவிட்டால் அப்பாவின் தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால்தான் "நீங்க போயிட்டு வாங்கடா" என்று ஒதுங்கிக்கொள்வான். அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவை இழை இழையாகப் பிணைக்கும்போது தறி ஓடாது. அந்த நாள் எப்போது வரும் என்று அவன் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். அமாவாசையன்று பலர் தறியில் உட்காருவதில்லை என்பதால் அன்றைக்கே கிளம்பத் தோன்றும். வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அன்றுதான் கூட்டம் அலைமோதும். வளத்திப் பக்கம் சாலையெங்கும் பேருந்தும் வேனுமாக இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சைக்கிளைக் கடையில் விட்டு பிரேக் கட்டை, செயின், வீல் கோட்டம் எல்லாம் பாருங்கள். சீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள்; முழங்கால் மடங்கியபடியே மிதித்தால் சேத்துப்பட்டு வருமுன் கால் கெஞ்சும். குழுவுக்கு ஒரு காற்றுப் பம்பும் பஞ்சர் சாமான்களும் போதும்.

மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் சுட்டெரிக்கும். விடியுமுன் கிளம்பி, பத்து மணிக்குள் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடுங்கள். உச்சிவெயிலில் புளியமர நிழலில் படுத்துக்கொள்ளலாம். தண்ணீரோடு உப்புப் போட்ட மோரும் வேண்டும். நுங்கு விற்பவரைக் கண்டால் நில்லுங்கள்.

மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் விட்டால் அவர் மூச்சுவாங்க வந்து சேரும்போது மற்றவர்கள் இளைப்பாறி முடித்துக் கிளம்பியிருப்பார்கள். நாள் முழுக்க அவருக்கு ஓய்வே கிடைக்காது.

இரவு தங்க உறவினர் வீடு ஏதாவது சொல்லிவையுங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு லாட்ஜில் அறை கிடைப்பது கடினம். பெண் பிள்ளைகளும் வருவதாக இருந்தால் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001இல் இந்த இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியதே மாணவிகளுக்காகத்தான். பயணம் என்று வரும்போது அவர்களை விட்டுவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்யக்கூடாதவை

தெரியாத ஊரில் ஏரி, கிணறு, கல்குவாரிக் குட்டை எதிலும் இறங்காதீர்கள். எத்தனை அழுத்திச் சொன்னாலும் இது போதாது. கோடை விடுமுறை தோறும் இப்படிப் பிள்ளைகளை இழந்த வீடுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். மண் அள்ளிய ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே பள்ளம் இருக்கும். குவாரிக் குட்டையில் ஏறிவரப் பிடிமானமே இருக்காது. நீச்சல் தெரிந்தவனும் இறங்க வேண்டாம், அவனைப் பார்த்துத்தான் தெரியாதவன் இறங்குவான். வியர்த்துப்போனால் பம்புசெட்டுக்காரரிடம் கேட்டுத் தொட்டிக்கு வெளியே நின்று தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டே அருகருகே போகாதீர்கள். ஒற்றை வரிசைதான். ஓட்டிக்கொண்டு வீடியோ எடுப்பதும் கூடாது.

சாலையில் உலர்த்தியிருக்கும் நெல், மல்லாட்டை மேல் ஏற்றாதீர்கள். உளுந்துக் கொடி பரப்பியிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். செயினில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

போய்ச் சேர்ந்த அன்றே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறாதீர்கள். ஏறக்குறைய 800 அடி உயரம். 60 கிலோமீட்டர் மிதித்த கால்களுக்கு அது ஆகாது. மறுநாள் காலையில் கோட்டை திறந்ததும் ஏறுங்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடமல்ல அது. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டாம், குரங்கு பறித்துவிடும்.

திரும்பும்போது ஒருவருக்கு முடியாமல் போனால், "நீ பஸ்ஸில் வந்துவிடு" என்று தனியே விட்டுவராதீர்கள். ஒரு சரக்கு வண்டி பிடித்து அவர் சைக்கிளோடு இன்னொருவர் சைக்கிளையும் ஏற்றி, இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த வாடகையை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது என்று ஆரணியிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.