டைனமோ காலத்து வைத்தியம், ஆல்டர்னேட்டர் காலத்து வண்டி

காணை ஊரில் ஒரு காலை நேரம், டீக்கடை வாசலில் நிற்கும் பழைய மாருதி 800-ஐ ஸ்டார்ட் செய்யுங்கள். பானெட்டுக்குள்ளிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம் வந்தால் போதும், பெஞ்சிலிருக்கும் நாலு பேரும் நாலு வைத்தியம் சொல்வார்கள். "டைனமோ போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க" என்பார் ஒருவர். "பெல்ட்ட இறுக்குங்க, அடங்கிடும்" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் சோப்புக் கட்டி கேட்பார். நாலாமவர் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்.

இவர்களில் யாரும் விவரம் தெரியாதவர் அல்ல. இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் இயந்திரத்துக்குச் சரியாக இருந்தவைதான். பழைய அம்பாசிடரில் இருந்தது உண்மையிலேயே டைனமோ. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் இருப்பது ஆல்டர்னேட்டர். கருவி மாறியது, பெயர் மாறவில்லை. பெயரோடு சேர்ந்து பழைய வைத்தியமும் தங்கிவிட்டது. டிஎன் 32, டிஎன் 16 என்று எண் பலகை மாட்டிய பழைய கார் வைத்திருப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடலாம்.

நம்பிக்கை: சத்தம் வந்தால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

உண்மை: எந்த மாதிரி சத்தம் என்பதுதான் முதல் கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கிரீச்' என்று கத்தி, சிறிது நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'கரகர' என்றால் பேரிங். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டவுடன் கூடுகிற 'ஊய்ங்' என்ற முனகல் என்றால் டயோடு அல்லது ஸ்டேட்டர் காயில் மீது சந்தேகம் வர வேண்டும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி பெல்ட்டிலோ பெல்ட் சுற்றும் பாகங்களிலோ இருக்கிறது. பல பழைய வண்டிகளில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். அதனால் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் எஞ்சின் சூடாகும். அடுத்து ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் சுற்றுங்கள். மணலை அரைப்பது போல உணர்ந்தாலோ, மேலும் கீழும் ஆட்டம் இருந்தாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லியையும் அப்படியே பாருங்கள். 'டைனமோ சத்தம்' என்று வரும் வண்டிகளில் வாட்டர் பம்ப் பேரிங் மாட்டிக்கொள்வதும் உண்டு.

நம்பிக்கை: பெல்ட்டை இறுக்கினால் சத்தம் போய்விடும்.

உண்மை: போகும். ஆனால் பெல்ட் தளர்ந்திருந்தால் மட்டும். தளராத பெல்ட்டை இறுக்கினால் அந்த இழுவை முழுவதும் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங் மீதும் வாட்டர் பம்ப் மீதும் விழும். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் சுமார் 2 முதல் 3 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் அதிக இழுவையைப் பேரிங் நெடுநாள் தாங்காது. இன்று 'கிரீச்' நிற்கும். சில மாதத்தில் 'கரகர' ஆரம்பிக்கும்.

இறுக்கத்தைச் சோதிக்க, இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட்டின் நீளமான பகுதியில் கட்டை விரலால் அழுத்துங்கள். வண்டிக்கு வண்டி சற்று மாறினாலும், பொதுவாகச் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால் சரியான இறுக்கம். பக்கவாட்டில் பளபளவென்று கண்ணாடி போல ஆகிவிட்ட பெல்ட்டையோ, உள்பக்கம் வெடிப்பு விட்ட பெல்ட்டையோ இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நம்பிக்கை: பெல்ட்டில் சோப்போ மெழுகோ தடவலாம்.

உண்மை: ரைஸ் மில்லிலும் ஆயில் எஞ்சினிலும் ஓடிய பட்டை பெல்ட்டுக்குப் பிடிப்புக்காக மெழுகு போன்றவற்றைத் தடவுவது வழக்கம். அந்தப் பழக்கம்தான் கார் வரை வந்திருக்கிறது. கார் பெல்ட் ரப்பர். தடவிய பொருள் தூசியை இழுத்துப் பசையாகி, புல்லியின் பள்ளத்தில் படியும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரையே ஊறவைத்துக் கெடுக்கும். சத்தம் இரண்டு நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பேரிங் கத்தினால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உண்மை: இதைச் சொன்னவர் மீது தப்பில்லை, வண்டிதான் வேறு. பழைய லூகாஸ் டைனமோவின் பின்மூடியில் எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு துளை இருந்தது. அவ்வப்போது இரண்டு சொட்டு விடுவது அன்றைய முறை. ஆல்டர்னேட்டர் பேரிங்கோ உள்ளே கிரீஸ் அடைத்து, இருபுறமும் மூடி வருகிறது. மேலே அடிக்கும் எண்ணெயோ ஸ்ப்ரேயோ உள்ளே சரியாகப் போகாது. போனாலும் இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். பின்பக்கம் அடித்தால் ஸ்லிப் ரிங்கிலும் கார்பனிலும் பட்டு, நன்றாக ஏறிக்கொண்டிருந்த சார்ஜும் கெடும்.

நம்பிக்கை: எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்று, வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லது.

உண்மை: இந்த வரிசையில் மிக ஆபத்தானது இதுதான். டைனமோ வண்டியில் ரிலே வைத்த கட்-அவுட் பெட்டி இருந்தது. இந்த விளையாட்டை அது ஓரளவு தாங்கியது. ஆல்டர்னேட்டரில் இருப்பவை டயோடுகளும் ஐசி ரெகுலேட்டரும். பேட்டரி திடீரென்று விலகினால் மின்னழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல மடங்கு எகிறும். டயோடு போகலாம், ரெகுலேட்டர் போகலாம்; எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்தால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம்மும் சேர்ந்து போகலாம். பேரிங் சத்தத்துக்காகக் கடைக்கு வந்த வண்டி, ஈசிஎம் செலவோடு திரும்பும்.

சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்கத் தேவை ஒரு சாதாரண மல்டிமீட்டர். வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். பிறகு மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட் அளவுக்குத் திருப்பி, ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பிளேட்டைக் கழற்றிச் சோதிப்பது நல்லது.

நம்பிக்கை: சார்ஜ் லைட் எரியவில்லை, ஆகவே கவலையில்லை.

உண்மை: அந்த லைட் சொல்வது மின்சாரத்தின் கதையை, பேரிங்கின் கதையை அல்ல. கரகரவென்று அரைத்துக்கொண்டே ஓர் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும், பேரிங் இறுகி நிற்கும் நாள் வரை. அன்று பெல்ட் கருகி அறுந்தால் வாட்டர் பம்பும் சேர்ந்து நிற்கும்.

நம்பிக்கை: வெள்ளத்தில் நின்ற வண்டி காய்ந்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆகவே தப்பித்தது.

உண்மை: 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரில் நின்ற வண்டிகளின் கணக்கு அன்றோடு முடிவதில்லை. காற்று புகுந்து குளிர்விப்பதற்காக ஆல்டர்னேட்டரின் உடலில் திறப்புகள் இருக்கின்றன. காற்று போகும் வழியில் சேற்றுத் தண்ணீரும் போகும். பேரிங் மூடி தூசியையும் தெறிப்பையும் தடுக்கும். மூழ்கிக் கிடப்பதைத் தடுக்காது. உள்ளே பிடித்த துரு, சில மாதம் கழித்துத்தான் வாய் திறக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கத்தும் வரை காத்திருக்காமல் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போதும் ஆல்டர்னேட்டரை ஒரு பிளாஸ்டிக் கவரால் மூடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: பழசைப் பிரித்து வேலை பார்ப்பது வீண், புதுசுதான் தீர்வு.

உண்மை: காயில், டயோடு, ஆர்மேச்சர் மூன்றும் நன்றாக இருந்து பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால், இரண்டு பேரிங்கும் கார்பனும் மாற்றினால் போதும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் இது அன்றாட வேலை; புதுசின் விலையில் ஒரு சிறு பங்கில் முடியும். பேரிங்கின் நம்பர் அதன் ஓரத்திலேயே பொறித்திருக்கும். பழசைக் கையோடு எடுத்துப் போய், அதே நம்பரில், இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதை, நம்பகமான கடையில் வாங்குங்கள். பேரிங் முழுவதும் உடைந்து ஆர்மேச்சர் ஸ்டேட்டரில் உரசித் தேய்ந்திருந்தால் மட்டும் வேறு ஆல்டர்னேட்டரைப் பற்றி யோசியுங்கள். அந்த நிலை வராமலிருக்க ஒரே வழி, முதல் 'கரகர'விலேயே கடைக்குப் போவது.

போனதும், "டைனமோ மாத்துங்க" என்று தீர்ப்போடு தொடங்காதீர்கள். "காலையில் மட்டும் கத்துது", "லைட் போட்டா கூடுது", "ஆக்சிலேட்டர் மிதிச்சா ஏறுது" என்று கேட்டதைக் கேட்டபடி சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.