கையில் இல்லாத சரக்கு: ஆன்லைன் வியாபாரம் செய்வோருக்கு ஒரு மஸ்அலா

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்றைய பயானுக்குக் காரணம் ஒரு கேள்வி. போன நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாள் இருக்கும். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி பக்கத்தில் வந்து அமர்ந்தார். பெயர் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். "ஹஜ்ரத், ரமளானில் ஆன்லைனில் புர்கா வியாபாரம் செய்தேன். லாபம் கையில் இருக்கிறது. அது எனக்கு ஹலாலா?" என்று கேட்டார்.

அவருக்குக் கடையும் இல்லை, குடோனும் இல்லை. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் படங்களை எடுத்து, தன் எண்ணைப் போட்டு, 850 ரூபாய் புர்காவை 1,250 ரூபாய் என்று ஸ்டேட்டஸில் வைப்பார். ஆர்டர் வந்ததும் பணத்தை வாங்கிக்கொள்வார். மொத்த வியாபாரிக்கு 850 போகும். பார்சல் அங்கிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும். ஷஅபானில் நன்றாகவே நடந்தது. ரமளானின் கடைசிப் பத்தில் ஆர்டர் குவிந்தபோது சிக்கல் வந்தது. சில பார்சல்கள் பெருநாளுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தன. சிலவற்றில் நிடா துணி என்று சொல்லியிருந்த இடத்தில் வேறு ஏதோ மெல்லிய துணி. வீட்டு வேலை செய்து காசு சேர்த்து, தனக்கும் மகளுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்திருந்த ஒரு சகோதரி, பழைய புர்காவோடு பெருநாளைக் கழித்தார். இவர் மொத்த வியாபாரியைக் கேட்டால், "கூரியர் லேட், நான் என்ன செய்ய?" என்றார். அந்தச் சகோதரி இவரைக் கேட்டபோது இவரும் அதே பதிலைச் சொன்னார். நடுவில் 400 ரூபாய் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

"சரக்கு உங்கள் கைக்கு எப்போது வந்தது தம்பி?" என்று கேட்டேன். "வரவே இல்லை ஹஜ்ரத்" என்றார். "சரி, பார்சல் வழியில் தொலைந்திருந்தால் நஷ்டம் யாருக்கு?" கொஞ்ச நேரம் யோசித்தார். "கஸ்டமருக்குத்தான்" என்றார்.

சகோதரர்களே, மஸ்அலாவின் முடிச்சு அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இது நம் காலத்தில் புதிதாக முளைத்த கேள்வி என்று நினைக்க வேண்டாம். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சகோதரர் மகன் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் குறைஷிகளில் பெயர் பெற்ற வியாபாரி. அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஏறத்தாழ இதையேதான் கேட்டார்கள். என்னிடம் ஒருவர் வருகிறார், என்னிடம் இல்லாத பொருளைக் கேட்கிறார், அவருக்கு விற்றுவிட்டுப் பிறகு சந்தையில் போய் அதை வாங்கிக் கொடுக்கலாமா என்பது கேள்வி. உன்னிடம் இல்லாததை விற்காதே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள். திர்மிதி, அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. சந்தைக்குப் போவதற்குப் பதில் குரூப்பில் இருந்து எடுக்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் தடுத்தார்கள்? இன்னொரு ஹதீஸ் காரணத்தைக் காட்டுகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பில், கையில் இல்லாததை விற்பதோடு சேர்த்து, பொறுப்பேற்காத பொருளில் லாபம் எடுப்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை வாங்கி அடுக்குகிறார். எலி கடித்தால், மழைத் தண்ணீர் இறங்கினால் நஷ்டம் அவருடையது. அந்த ஆபத்தைச் சுமப்பதால்தான் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் லாபம் அவருக்கு ஆகுமானதாகிறது. நம் தம்பி எதையும் சுமக்கவில்லை. லாபம் அவருக்கு, ஆபத்து முழுக்க அந்த ஏழைச் சகோதரிக்கு.

"அப்படியென்றால் முதலீடு இல்லாதவன் வியாபாரமே செய்யக் கூடாதா?" என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் இருந்தபடி சம்பாதிக்கும் நம் சகோதரிகள் எத்தனையோ பேர் இந்த வழியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். வாசலை அடைத்துவிட்டுப் போவது மார்க்கம் இல்லை. வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தரகராக இருப்பது. சரக்கு அந்த மொத்த வியாபாரியுடையது, நான் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறேன், ஒன்றுக்கு இவ்வளவு கமிஷன் என்று அவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடமும் நான் இடையில் இருப்பவன் என்று சொல்லிவிடுங்கள். "850 எனக்குக் கொடு, மேலே எவ்வளவு விற்றாலும் உனக்கு" என்ற பேச்சை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் குற்றம் இல்லை என்று கருதியதாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆனால் கூலி இன்ன தொகை என்று தெளிவாக இருக்க வேண்டும் என்பது இமாம்கள் பலரின் நிலை. தொகையைப் பேசிவிடுவதே பேணுதல்.

இரண்டாவது ஸலம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடை செய்யவில்லை. அளவு, எடை, தவணை மூன்றும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். துணி வகை, அளவு, நிறம், ஒப்படைக்கும் தேதி அனைத்தையும் எழுதி, முழுப் பணத்தையும் பேசும்போதே வாங்கி, சொன்ன சரக்கைக் கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் இந்த வழி திறந்திருக்கிறது. பாதி அட்வான்ஸ், பாதி பிறகு என்பது ஸலம் ஆகாது. கேஷ் ஆன் டெலிவரியும் ஆகாது. அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பவர்களுக்கு ஹனஃபி மத்ஹபில் இஸ்திஸ்னாஃ என்ற தனிச் சட்டம் இருக்கிறது. அதில் பணம் முழுதும் முன்கூட்டியே வர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, ஆர்டரை வெறும் விருப்பமாக எடுத்துக்கொள்வது. இன்னும் விற்கவில்லை. சரக்கை வாங்குகிறீர்கள், கைக்கு வருகிறது, பிரித்துப் பார்க்கிறீர்கள், பிறகு விற்கிறீர்கள். கேஷ் ஆன் டெலிவரி செய்பவர்களுக்கு இதுதான் சுலபம்.

இனி படத்துக்கு வருவோம். எனக்கு இதில்தான் அதிக வருத்தம்.

கடையில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கிறார், அத்தரை முகர்ந்து பார்க்கிறார். ஆன்லைனில் வாங்குபவருக்கு உங்கள் படமும் நீங்கள் எழுதும் நான்கு வரியும் தவிர எதுவும் இல்லை. பார்க்காத பொருளை வாங்குவது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நம் மத்ஹபுகளின் சட்டமே சாட்சி. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், கண்ணால் காணாத குறிப்பிட்ட ஒரு பொருளை விற்பது செல்லாது என்பதே வலுவான சொல். தன்மைகளைச் சொல்லிப் பொறுப்பேற்று விற்பதற்குத்தான் இடம். ஹனஃபி மத்ஹபில் விற்பனை செல்லும். ஆனால் பொருளைப் பார்த்ததும் ஏற்கவோ திருப்பவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. சொன்னபடியே இருந்தாலும் அந்த உரிமை உண்டு. கம்பெனிகள் "ரிட்டர்ன் பாலிசி" என்று ஏதோ சலுகை தருவதுபோல் பேசுகின்றன. ஃபிகஹ் நூல்கள் அதை வாங்குபவரின் உரிமை என்று எப்போதோ எழுதிவிட்டன.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலில் கையை நுழைத்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். உள்ளே ஈரம் பட்டது. மழை பெய்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவருக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நன்றாகக் கவனியுங்கள். அந்த மனிதர் பொய் எதுவும் சொன்னதாக ஹதீஸில் இல்லை. ஈரத்தை அடியில் வைத்தார், அவ்வளவுதான். "கலர் லேசாக மாறலாம்" என்பதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடைசி வரியில் போடுவதும் அடியில் வைப்பதுதான்.

ஆட்டை விற்கும் முன் இரண்டு மூன்று நாள் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாக்கிக் காட்டுவது அரபுகளிடம் இருந்த தந்திரம். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அப்படி வாங்கி ஏமாந்தவருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். ஃபில்டர் போட்டு மினுங்கும் புர்காவின் படம், எல்இடி வெளிச்சத்தில் பொன்னாகத் தெரியும் கவரிங் நகை எல்லாம் வீங்கிய மடிதான். திருப்பூரில் சாதாரணமாகத் தைத்த டிஷர்ட்டை "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்பதும், ரமளான் வந்தால் ஏதோ ஒரு கறுத்த பேரீச்சையை "மதீனா அஜ்வா" என்பதும் அதைவிட மோசம். இரண்டாவது, நபி (ஸல்) அவர்களின் ஊர்ப் பெயரைச் சொல்லியே ஏமாற்றுவது.

வாங்கும் எண்ணம் இல்லாமல் கூட்டத்தில் நின்று விலையை ஏற்றிவிடுவதற்கு நஜ்ஷ் என்று பெயர், அதுவும் தடுக்கப்பட்டது. மச்சானையும் மைத்துனியையும் வைத்து "சூப்பர் குவாலிட்டி, ஐந்து ஸ்டார்" என்று ரிவியூ எழுத வைப்பதை வேறு எதில் சேர்ப்பது? பெட்டி நிறைய சரக்கை வைத்துக்கொண்டு "இன்னும் 2 மட்டுமே" என்பதும், ஒரு நாளும் 1,999க்கு விற்காத பொருளுக்கு 1,999 என்று போட்டுக் கோடு கிழித்து 599 என்பதும் அந்த வகையே. நாட்டுச் சட்டமும் இதில் நமக்கு எதிராக இல்லை. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தானே வாடிக்கையாளர் போல ரிவியூ எழுதக் கூடாது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் கூடாது. வீட்டில் ஊறுகாய், மசாலா செய்து விற்கும் சகோதரிகள் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் இருவரையும் சேர்த்தே பேசுகிறது. அதை அறிவிப்பவரும் அதே ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள்தான். கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, பார்சல் வந்ததும் போனை எடுக்காமல் இருப்பவர்கள் இந்த மஜ்லிஸிலேயே இருக்கலாம். போக வர இரண்டு கூரியர் செலவும் அந்தச் சிறு வியாபாரி தலையில் விழுகிறது. பெருநாளுக்கு உடுத்திவிட்டு, லேபிளை மறுபடி மாட்டி, "சைஸ் சரியில்லை" என்று திருப்புவது அப்பட்டமான பொய்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தவ்பா செய்யுங்கள், இந்த முறையை நிறுத்துங்கள். தாமதமாகவோ வேறு துணியாகவோ போனவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்லுங்கள்; கூரியர் செலவு உங்களுடையது. மற்றவர்களிடம் உண்மையைச் சொல்லி அவர்களின் பொருத்தத்தைக் கேளுங்கள். வாங்கியவர் மனம் மாறித் திருப்பும்போது விட்டுக்கொடுத்து ஏற்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற நற்செய்தியும் அபூதாவூதில் இருக்கிறது என்றேன்.

மனிதர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினார். பெரும்பாலோர் "பரவாயில்லை தம்பி, பொருத்தம்தான்" என்று பதில் போட்டார்கள். சிலர் திருப்பினார்கள். அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மட்டும் பணத்தை எடுத்துக்கொண்டு உம்மாவுடன் நேரில் போனார். கணக்குப் பார்த்தபோது ரமளான் லாபத்தில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. இப்போது பத்துப் பத்தாகச் சரக்கெடுத்து, பிரித்துப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் தானே படம் எடுத்துப் போடுகிறார். விற்பது முன்னைவிடக் குறைவு. போன வாரம் துணியின் மேல் கையை வைத்து எடுத்த ஒரு படத்தைக் காட்டி, "இதில் கை தெரிகிறதா ஹஜ்ரத்? தெரிந்தால் துணி மெல்லிசு என்று எழுதிவிடுவேன்" என்றார்.

உங்கள் வியாபாரம் நான் சொன்ன மூன்றில் எதில் சேரும் என்று தெரியாதவர்கள் ஜும்ஆ முடிந்து சுன்னத் தொழுதபின் முன் ஸஃப்பில் உட்காருங்கள். நீங்கள் கடைசியாகப் போட்ட விளம்பரத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தே பேசுவோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை போனை அணைத்து வையுங்கள். குத்பா நேரத்தில் ஆர்டர் எடுக்க அனுமதி இல்லை.