டிராக்டர் பாட்டரியும் அதன் பராமரிப்பும்

மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாள்கள் உழவர்களுக்குப் பொன்னான நாள்களாகும். ஈரம் காயும் முன் உழுது விதைக்காவிடில் அடுத்த மழைக்குக் காத்திருக்க நேரிடும். அத்தகைய நாளில் டிராக்டர் கிளம்ப மறுக்குமாயின், அதனால் விளையும் நட்டம் ஒரு பாட்டரியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. வண்டி கிளம்பாமைக்கு எஞ்சினே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். பல வேளைகளில் எஞ்சினில் யாதொரு குறையும் இராது. பாட்டரியில் நீர் வற்றியிருக்கும், அல்லது அதன் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி படிந்திருக்கும். சிறிது கவனம் செலுத்தினால் இக்குறைகளை உழவர் தாமே தவிர்க்கலாம். பாட்டரி வேலை செய்யும் விதம், அதனைப் பேணும் முறை, பழுதை அறியும் வழி, பயனற்ற பாட்டரியால் ஊருக்கு நேரக்கூடிய தீங்கு ஆகியவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாட்டரி என்பது யாது?

காரீயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்ட பாட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்தார். இன்றளவும் டிராக்டர்களிலும் லாரிகளிலும் எஞ்சினைக் கிளப்ப உதவுவது பெரும்பாலும் அவ்வகைப் பாட்டரியே.

பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஒன்றினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் அழுத்தம் தரும். ஓர் அறையில் இருவகைத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டு, நீர் கலந்த திராவகத்தில் மூழ்கியிருக்கும். பாட்டரியிலிருந்து மின்சாரம் வெளியேறும்போது திராவகத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளில் சென்று படிகின்றது, திராவகம் நீர்த்துப்போகின்றது. மின்சாரம் ஏற்றும்போது அப்பகுதி தகட்டை விட்டு நீங்கித் திராவகத்திற்கே திரும்புகின்றது. எனவே, பாட்டரி மின்சாரத்தைத் தொட்டி நீர்போல் தேக்கி வைக்கும் பாத்திரம் அன்று. இரசாயன மாறுதலால் மின்சாரத்தை வாங்கவும் வழங்கவும் வல்ல கருவியாகும்.

மின்சாரம் இறங்கிய நிலையில் பாட்டரியைப் பல நாள் விட்டுவைத்தால், தகட்டில் படிந்த பொருள் கடினமான படிகமாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் அது முழுமையாகக் கரையாது. பருவம் முடிந்ததும் கொட்டகையில் நிறுத்திய டிராக்டரின் பாட்டரி அடுத்த பருவத்தில் பயன்படாமற்போவதற்கு இதுவே தலையாய காரணம்.

வரவும் செலவும்

ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற 200 முதல் 300 ஆம்பியர் வரையிலான மின்னோட்டம் தேவைப்படலாம். எனினும் அது சில விநாடிகளுக்கே. 300 ஆம்பியர் மூன்று விநாடி ஓடினாலும் செலவாவது கால் ஆம்பியர்-மணியே. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் இந்தச் செலவைச் சில நிமிடங்களில் ஈடு செய்துவிடும்.

இதற்கு மாறாக, 55 வாட் முகப்பு விளக்குகள் இரண்டை அணைக்க மறந்தால் மணிக்கு ஏறத்தாழ 9 ஆம்பியர்-மணி செலவாகும். எட்டு மணி நேர இரவில் 72 ஆம்பியர்-மணி போய்விடும். 80 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி காலையில் வெறுமையாகிவிடும் என்பது சொல்லாமலே விளங்கும். திருவிழா ஒலிபெருக்கிக்கும் களத்து விளக்குக்கும் டிராக்டர் பாட்டரியை இரவு முழுவதும் பயன்படுத்துவதும் இத்தகையதே. குறுகிய நேரத்தில் பெருமளவு மின்னோட்டம் தருவதற்கென்று அமைந்த பாட்டரியை அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடியும்.

சாவியைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து திருப்பிப் பிடித்திருத்தல் கூடாது. எஞ்சின் கிளம்பாவிடில் ஒரு நிமிடம் பொறுத்து மீண்டும் முயல வேண்டும்.

நீரும் திராவகமும்

மின்சாரம் ஏறும்போது திராவகத்திலுள்ள நீரில் ஒரு பகுதி வாயுவாகப் பிரிந்து வெளியேறும். வெப்பம் மிகுந்த கோடையில் நீர் மேலும் விரைவாகக் குறையும். தகட்டின் மேற்பகுதி காற்றில் பட்டால் அப்பகுதி கெட்டுவிடும். ஆகவே, மூடி திறக்கும் வகைப் பாட்டரிகளில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை மூடிகளைத் திறந்து பார்த்தல் நலம். தகடுகளுக்கு மேல் 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டும். பக்கத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் இடப்பட்டிருப்பின் அவற்றிற்கு இடையே இருக்க வேண்டும்.

ஊற்ற வேண்டியது, பாட்டரி வாட்டர் என்று கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரே. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உப்புகளும் இரும்பும் கலந்திருக்கும். அவை தகடுகளை அரித்துக் கெடுக்கும். குறைந்தது நீர்தான் என்பதால், சிந்திப் போயிருந்தாலன்றித் திராவகம் சேர்த்தல் தவறு. ‘வலிமை குறைந்துவிட்டது, ஆஸிட் ஊற்றுவோம்’ என்று செய்வது தகடுகளின் ஆயுளைக் குறைக்கும். மூடி திறக்க இயலாத, பராமரிப்பு வேண்டாத வகைகளை உடைத்துத் திறத்தலும் கூடாது.

கந்தகத் திராவகம் தோலையும் துணியையும் எரித்துவிடும். மேலே பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இருபது நிமிடம் தூய நீரால் தொடர்ந்து கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சோதித்து அறிதல்

பாட்டரியின் நிலையை அறிய எளிய கருவிகள் இரண்டு உள்ளன. முதலாவது வோல்ட் மீட்டர். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாட்டரி நிறைவாக உள்ளது, 12.4 எனில் முக்கால் பங்கு, 12.2 எனில் அரைப்பங்கு, 12.0 எனில் கால்பங்கே எஞ்சியுள்ளது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அவ்வளவு ஏறாவிடில் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ சோதிக்க வேண்டும். அதற்கு மேல் வெகுவாக ஏறினால் ரெகுலேட்டர் பழுதாகி, பாட்டரி நீரைக் கொதிக்கச் செய்கின்றது என்று பொருள்.

இரண்டாவது, திராவகத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். நிறைவான பாட்டரியில் தயாரிப்பாளர் குறித்தபடி 1.240 முதல் 1.280 வரை காட்டும். 1.200க்குக் கீழே இறங்கினால் மின்சாரம் ஏற்ற வேண்டும். ஐந்து அறைகள் ஒத்திருக்க, ஓர் அறை மட்டும் 0.050 அளவு தாழ்ந்திருந்தால் அந்த அறை பழுதாகி வருகின்றது என்று அறியலாம்.

தனியே மின்சாரம் ஏற்றும்போது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 80 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 8 ஆம்பியர். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு, காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக் கூடியது. எனவே, காற்றோட்டமுள்ள இடத்தில் மின்சாரம் ஏற்ற வேண்டும். அருகில் பீடி, சிம்னி விளக்கு, தீக்குச்சி எதுவும் கூடாது.

முனைகளும் கம்பிகளும்

முனைகளில் படியும் பொடி மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆப்பச் சோடாவை நீரில் கரைத்து ஊற்றித் துலக்கி, நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி முடுக்கியபின் வாசலின் பூச வேண்டும். சோடா நீர் அறைகளுக்குள் செல்லாதபடி மூடிகளை முன்னதாக இறுக மூடுதல் அவசியம்.

எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்த வண்டிகளில், பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனைக் கம்பியை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். இல்லையேல் நேர்முனையைத் திருகும் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுப் பெருந்தீப்பொறி எழும். எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் ஆல்டர்னேட்டரைப் பழுதாக்கக் கூடும். அதனைக் கைவிட வேண்டும்.

மற்றொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்புவதாயின், இரண்டும் ஒரே வோல்ட் அளவினவாக இருத்தல் வேண்டும். முதலில் இரண்டு நேர்முனைகளை இணைக்க வேண்டும். பிறகு நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டிய கம்பியின் மறுநுனியை, கிளம்பாத வண்டியின் பாட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் இரும்புப் பகுதியில் மாட்ட வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தேவை. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்த பாட்டரிப் பற்றவைப்பு முறை 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களிலும், அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கார்களிலும் இடம்பெற்றன. அதற்கு முன் பெரும்பாலான கார்களைக் கைப்பிடி கொண்டு சுழற்றியே கிளப்பினர்.

பற்றவைப்பு முறையின் உயிர்நிலை காயில் ஆகும். அதில் தடித்த கம்பிச் சுற்றுகள் சில நூறும், மெல்லிய கம்பிச் சுற்றுகள் பல ஆயிரமும் உண்டு. தடித்த கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட் வரையிலும் அதற்கு மேலும் அழுத்தம் எழும். அது ஸ்பார்க் பிளக்கின் சிறு இடைவெளியில் பொறியாகப் பாயும். விசைத் தெளிப்பான், சிறு பெட்ரோல் பம்ப் முதலியவற்றில் பாட்டரிக்குப் பதிலாகச் சக்கரத்தில் பதித்த காந்தமே இம்மின்சாரத்தைத் தருகின்றது. அதற்கு மாக்னெட்டோ முறை என்று பெயர். நன்கு எரியும் எஞ்சினின் பிளக் இளம்பழுப்பு நிறமாக இருக்கும். கரி படிந்திருந்தால் துலக்கி, தயாரிப்பாளர் குறித்த இடைவெளிக்குச் சரி செய்ய வேண்டும்.

டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. காற்றை வெகுவாக அழுத்துவதால் எழும் 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆனால், அந்த வெப்பம் எழும் அளவு வேகமாக எஞ்சினைச் சுழற்ற வேண்டியது பாட்டரியின் கடமை. அது தளர்ந்திருந்தால் எஞ்சின் மெல்லச் சுழலுமேயன்றிப் பற்றாது.

இதனைக் கொண்டு பழுதின் இடத்தை ஊகிக்கலாம். சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கினால் பாட்டரியையும் முனைகளையும் பார்க்க வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தும் ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பற்றாவிடில், டீசல் வண்டியில் டீசல் வரும் குழாயையும் அதில் காற்று புகுந்துள்ளதா என்பதையும், பெட்ரோல் வண்டியில் எரிபொருளோடு பிளக்கையும் ஆராய வேண்டும்.

பழைய பாட்டரியும் காரீய நஞ்சும்

பயனற்ற பாட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே. காரீயம் 327 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். விறகு அடுப்பே போதுமானது. எனவே அதை உடைத்து உருக்கி, வலைக் குண்டாகவும் கட்டியாகவும் விற்கும் ஆசை எழுகின்றது. அதனால் எழும் புகையும் தூசியும் கொடிய நஞ்சாகும்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகராகிய டாக்கரை அடுத்த தியாராய் என்னும் ஊரில் இத்தொழில் நடைபெற்றது. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான ஐந்து மாதங்களில் அங்கு 18 குழந்தைகள் மாண்டனர். ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடன்பிறந்தார், தாய்மார் உடலிலும் காரீய நஞ்சு மிகுந்திருந்தது. அங்கு மண்ணே நஞ்சாகியிருந்தது. தரையில் விளையாடும் குழந்தைகளே முதலில் பலியாயினர்.

குழந்தைகளுக்குத் தீங்கற்றது என்று கூறத்தக்க காரீய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. சிறிதளவும் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். மிகுந்தால் வயிற்றுவலி, இரத்தசோகை, வலிப்பு ஆகியன தோன்றும். இங்கு மற்றொன்றையும் தாய்மார்கள் அறிய வேண்டும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பாத்திரத்தின் ஈயப்பூச்சும் வெள்ளீயத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். பாட்டரியில் உள்ளதோ காரீயம். பாட்டரியை உருக்கிய ஈயத்தைச் சமையல் பாத்திரத்திற்கு ஒருபோதும் பூசுதல் கூடாது.

பஞ்சாயத்துகளின் கடமை

மத்திய அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகள் திரும்பச் சேகரிக்கப்படுவதற்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பாவர். அவற்றை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், உரிய முறையில் சேகரிப்போரிடம் ஒப்படைப்பது பயன்படுத்துவோரின் கடமை. புதிய பாட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழிவு பெறுவது எளிய வழியாகும்.

பஞ்சாயத்து வண்டிகளின் பாட்டரி மாற்றப்படும்போது, பழையது எவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை இருப்புப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும். ஊருக்குள்ளோ ஏரிக்கரையிலோ பாட்டரி உருக்குவது தெரியவந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் உடனே அறிவித்தல் வேண்டும். கிராம சபைக் கூட்டங்களில் இதுபற்றி எடுத்துரைத்தல் பெரும்பயன் தரும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர் மட்டம் பார்க்க. காய்ச்சி வடித்த நீரே ஊற்றுக.
2. நிறுத்தி வைத்த டிராக்டரின் பாட்டரிக்கு மாதம் ஒருமுறை மின்சாரம் ஏற்றுக.
3. எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுக.
4. பாட்டரி அருகே நெருப்பு வேண்டா.
5. பழைய பாட்டரியை உடைக்காமல், உருக்காமல், முழுதாகக் கடையில் ஒப்படைக்க.

உழவு மாட்டிற்குத் தீனியும் தண்ணீரும் வேளை தவறாமல் தரும் உழவர்களுக்கு இவை அரியவை அல்ல. நன்கு பேணப்படும் பாட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும்; முறையாக ஒப்படைத்தால் அதன் காரீயம் புதிய பாட்டரியாக மீண்டும் உருப்பெறும். நம் ஊர்க் குழந்தைகளும் நலமாக வாழ்வர்.