எந்த வரியில் பிசகியது?

2 = 1 என்று ‘நிரூபிக்கும்’ கணக்கைப் பார்த்தால் பிள்ளைகள் கடைசி வரியோடுதான் மல்லுக்கு நிற்பார்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது. எழுத்துகளுக்கு எண்ணைப் போட்டு, மேலிருந்து வரிவரியாக இறங்கச் சொல்லுங்கள்.

க = ச. இரு பக்கமும் க-வால் பெருக்கினால் க² = க × ச. இரண்டிலும் ச²-ஐக் கழித்துக் காரணிப்படுத்தினால் (க + ச)(க − ச) = ச(க − ச). பொதுவாக உள்ள (க − ச)-ஐ அடித்துவிட்டால் க + ச = ச; அதாவது 2 = 1.

இரண்டுக்கும் 3 போடுங்கள். 9 = 9, பிறகு 0 = 0, பிறகு 6 = 3. பிசகு, அடித்த இடத்தில். அடிப்பது என்றால் வகுப்பது. இங்கே வகுத்தது பூச்சியத்தால். இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள்: 9-ஆம் நூற்றாண்டின் ‘கணிதசாரசங்கிரக’த்தில் கணித அறிஞர் மகாவீரர், பூச்சியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்றே எழுதினார்.

போட்டுப் பார்க்க 0, 1, 2 வேண்டாம். 2 + 2-ம் 2 × 2-ம் ஒன்றே என்பதால் தவறான வரியும் சரிபோல் தப்பிவிடும். 3, 7 போன்றவை நல்லவை.

எழுத்தே இல்லாத கணக்கில் வர்க்கமூலத்தைச் சந்தேகியுங்கள். (4 − 4.5)² = (5 − 4.5)² உண்மைதான், இரண்டுமே 0.25. வர்க்கத்தை மட்டும் நீக்கினால் 4 = 5 வந்துவிடும். உள்ளே இருந்தவை −0.5, +0.5. வர்க்கம் குறியை விழுங்கிவிட்டது.

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கும் ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு வடிவியலிலும் ஒன்று காட்டலாம். 8 அங்குலச் சதுரத் துண்டை 3-க்கு 8, 5-க்கு 8 என இரண்டாக்குங்கள். சிறியதை மூலைக்கு மூலை வெட்டி இரு முக்கோணம். பெரியதைச் சாய்வாக வெட்டி, இணைபக்கங்கள் 3-ம் 5-ம் உள்ள இரு சரிவகம். மாற்றி அடுக்கினால் 5-க்கு 13 செவ்வகம் போலத் தெரியும். 64 சதுர அங்குலம் 65 ஆகிவிட்டது! அட்டையில் செய்தால் நடுவே மெல்லிய இடைவெளி கண்ணில் படலாம். தோல் இழுத்தால் நெகிழ்ந்துகொடுக்கும், அதனால் இடைவெளி மறைந்துவிடும். ஆகவே கண்ணை நம்பாமல் சரிவை எண்ணால் கேளுங்கள். முக்கோணத்தின் சரிவு 3/8, சரிவகத்தின் சரிவு 2/5. குறுக்கே பெருக்கினால் 15, 16. நேர்க்கோடுபோல் தெரிந்தது நேர்க்கோடே அல்ல. கூடுதலாக வந்த அந்த ஒரு சதுர அங்குலம், மூலைவிட்டம் நெடுக ஒளிந்திருக்கும் இடைவெளிதான்.