ராஜினாமாவில் கையெழுத்துப் போடும் முன்

பள்ளிப்பட்டு பக்கம் ‘கவர்மென்ட் வேலை’ பார்ப்பதாகச் சொல்லும் எல்லோருக்கும் சம்பளம் போடுவது அரசு அல்ல. கணினி இயக்குபவர், காவலர், தூய்மைப் பணியாளர் எனப் பலருக்கு அதைப் போடுவது அவுட்சோர்சிங் ஏஜென்சி. ஒப்பந்தம் முடியும் நாளில் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டுவார்: “ஒரு கையெழுத்து போடும்மா, கணக்கை முடிச்சிடலாம்.” அது ராஜினாமாக் கடிதமாக இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்றொரு வேலையிழப்பு உதவித் திட்டம் உண்டு. சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும். குறிப்பிட்ட காலம் இ.எஸ்.ஐ. பிடித்தத்தோடு வேலை பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை பறிபோனது என்று பிறகு சொன்னால் எடுபடுவது கடினம். ‘ஒப்பந்தம் முடிந்ததால் பணி முடிவு’ என்று எழுதி வாங்குங்கள். கெடு வைத்து நீட்டிக்கப்படும் திட்டம் இது. நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளையில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நிரந்தர அரசு ஊழியருக்கு இந்த வழியும் இல்லை. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-இன் கீழ் வருபவர் ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கில் வராது. உரிய அனுமதியோடு வேறு அரசுப் பணிக்குப் போனால்தான் தப்பும். கோபத்தில் எழுதும் நாலு வரி இருபது வருஷத்தை விழுங்கிவிடும்.

மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகையை நம்பி இறங்காதீர்கள். பதிவு செய்து 5 ஆண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்புக்கு 300. அதுவும் 3 ஆண்டுதான். திருத்தணி வழியாகத் திருவள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு நாலு நடை போய்வந்தால் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகிவிடும். ஆனால் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விடாதீர்கள். விட்டால் பதிவு மூப்பு போய்விடும். அங்கே நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்தான் உண்மையில் பயன் தரும். நம் ஆந்திர எல்லையோர மக்களுக்குத் தெலுங்கும் கைவசம். விண்ணப்பத்தில் அதை முதலிலேயே எழுதுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி ஆலைகள் இருக்கின்றன.

அரசே வேலையைப் பறித்தாலும் நிலைமை இதுதான். 2011 நவம்பரில், கிராமங்களில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்கள் சுமார் 13,500 பேர் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உதவித்தொகை எதுவும் அவர்களைத் தேடி வரவில்லை. நீதிமன்றப் படிதான் ஏறினார்கள். 2022-இல் அரசு முன்வைத்தது 7,500 ரூபாய் மதிப்பூதியத்தில் நூறு நாள் வேலைத் திட்ட ஒருங்கிணைப்பாளர் பணி. உச்ச நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்றது.

நாளை நீங்களும் படி ஏற நேர்ந்தால் கையில் ஆதாரம் வேண்டும்: பணி ஆணை, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண். எல்லாவற்றையும் இன்று சாயங்காலத்துக்குள் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.